ஐந்து கட்டை மாமாவுக்கு

என் அன்புக்கும், இன்னமும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய மாமா,

நீங்கள் போய் இன்றைக்கு இருபத்திநான்கு நாள். அடுத்த கிழமை முப்பத்தோராம் நாள் கிரியை. உங்கள் நினைவு மலரின் அச்சுத்தாள்கள் நேற்றுக் கிளிநொச்சியில் இருந்து வந்தன. இவர் அவற்றைக் கதிரையில் வைத்து, பிழை இருந்தால் திருத்தச் சொல்லி ஒரு சிவப்புப் பேனையையும் என் கையில் தந்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். உங்கள் மகனுக்கு எழுத்துப் பிழை பார்க்கிற பொறுமை எப்போது இருந்தது?

அட்டையில் ராசா உடுப்போடு நிற்கிறீர்கள். கிரீடம் இடப்பக்கம் கொஞ்சம் சரிந்திருக்கிறது. நீங்கள் பார்த்திருந்தால் படம் எடுத்தவரை ஒரு வழி பண்ணியிருப்பீர்கள். உள்ளே வாழ்க்கைக் குறிப்பு. பிறந்த இடம் பூநகரி, சரி. பதினேழு வயதில் முதல் வேஷம், அதுவும் சரி. அதற்குக் கீழே ஒரு வரி: ‘இறுதிவரை ஐந்து கட்டைச் சுருதியிலேயே பாடிய இசைநாடகக் கலைஞர்.’

அந்த வரியில் எழுத்துப் பிழை இல்லை மாமா. ஆனால் அது பொய். நேற்றுவரை அது பொய் என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். மிருதங்கம் வாசித்த சின்னராசா அண்ணை உங்களுக்கு முன்னமே போய்விட்டார். மிச்சம் இருப்பது உங்களுக்கு ஆர்மோனியம் வாசித்த நான்தான். மலரில் மருமகளுக்கென்று ஒரு பக்கம் விட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். ஊர் வாசிக்கும் என்று தெரியும். வாசிக்கட்டும்.

நான் உங்கள் வீட்டுக்கு வந்தபோது நீங்கள் என்னோடு கதைக்கவில்லை. உங்கள் சனம் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வயல் வெட்டிய சனம். என் சனம் மலைநாட்டுத் தோட்டத்தில் இருந்து கலவரத்தில் அடிபட்டு வந்து வன்னியில் குடியேறிய சனம். இரண்டு பேரும் ஒரே வாய்க்கால் தண்ணீரைத்தான் குடித்தோம், ஆனாலும் எங்கள் கலியாணத்துக்கு நீங்கள் வரவில்லை. ஒரு வருசத்துக்கு மேல் நான் தருகிற தேத்தண்ணியை சுவரைப் பார்த்துக்கொண்டே குடித்தீர்கள். எனக்கு அழுகையும் வந்தது, சில நாள் சிரிப்பும் வந்தது. மேடையில் நூறு பேருக்கு முன்னால் காதல் பாட்டுப் பாடுகிற மனிதர், குசினிக்குள் ஒரு சொல்லுக்குக் கஞ்சத்தனம் பிடிக்கிறாரே என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு உங்கள் ஆர்மோனியக்காரர் பிள்ளைகளோடு வெளிநாடு போனார். கோயில் நாடகத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. நீங்கள் இவரைக் கூப்பிட்டுச் சொன்னீர்கள். நான் மூன்றடி தள்ளித்தான் நின்றேன்.

“அவளுக்குப் பஜனைப் பெட்டி வாசிக்கத் தெரியுமெண்டு சொன்னனீ. நாடகத்துக்கு வாசிப்பாளோ எண்டு கேள்.”

“வாசிப்பேன்னு சொல்லுங்க,” என்று நானும் இவரைப் பார்த்துத்தான் சொன்னேன்.

நான் கதைப்பது சினிமாப் படம் பார்ப்பது போலக் கிடக்கிறது என்று சொல்லி நீங்கள் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான். என் அப்பா தோட்டத்துப் பஜனையில் வாசித்தவர். அவர் கையைப் பார்த்து வாசித்தவள் நான், எனக்கு அதுவரை நாடகம் தெரியாது. பாயில் என் எதிரே வந்து இருந்தீர்கள். என் முகத்தைப் பார்த்து நீங்கள் சொன்ன முதல் சொல், “அஞ்சு கட்டை பிடி.”

வாசிக்கிறவர்களில் சங்கீதம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாடுகிறவர் எந்த உயரத்தில் நின்று பாடுகிறார் என்பதைக் கட்டை என்று சொல்வோம். ஆண் குரலுக்கு ஐந்து கட்டை என்றால் நெஞ்சு கிழிய வேண்டும். ஒலிவாங்கி இல்லாத காலத்தில், பூநகரியில் கடல் காற்று ஆளைத் தூக்குகிற வெளியில், கடைசி வரிசைக்குக் கேட்கப் பாடிப் பழகிய குரல் உங்களுடையது. காற்றுக்கு எதிரே பாடினால்தான் பாட்டு என்று சொல்வீர்கள். பாட்டுக்கு இடையில் ஒரு நடிகர் தாமதமாக மேடைக்கு வந்ததற்குக் கிரீடத்தைக் கழற்றி அவர் மேல் எறிந்ததும் நீங்கள்தான். அந்தக் கோபமும் ஐந்து கட்டைதான்.

யுத்தம் எங்கள் பழைய ஆர்மோனியப் பெட்டியையும் எடுத்துக்கொண்டது என்பதால், கனடாவில் இருக்கும் உங்கள் மகள் சென்னையில் புதுப்பெட்டி ஒன்று வாங்கி அனுப்பினா. அந்தப் பெட்டியில் ஒரு வசதி இருந்தது. விரல் வைக்கிற வரிசை முழுவதையும் தூக்கி ஒரு பக்கம் நகர்த்தி வைக்கலாம். விரல்கள் வழக்கமான இடத்திலேயே ஓடும். சுருதி மட்டும் இறங்கிவிடும். அந்த வசதிதான் என்னைக் கெடுத்தது.

ஒரு திருவிழாவில், காட்டில் மகனைத் தேடித் திரியும் ராசாவாக நீங்கள் பாடும்போது குரல் இரண்டாகப் பிளந்தது. அதை நடிப்பாக்கி, மரத்தில் சாய்ந்து விம்முவது போல் செய்து சமாளித்தீர்கள். சனம் கை தட்டியது. பக்கத்தில் இருந்த எனக்கும் சின்னராசா அண்ணைக்கும்தான் விளங்கியது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கொத்தமல்லித் தண்ணியும் கற்கண்டுமாக ஒருவரோடும் கதைக்காமல் கிடந்தீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த ஒத்திகைக்கு வரிசையை அரைக் கட்டை இறக்கி வைத்தேன்.

“அஞ்சுதானே பிள்ளை?”

“ஓம் மாமா.”

பாடினீர்கள். தடையில்லாமல் வந்தது. கொத்தமல்லி வேலை செய்கிறது என்று சொல்லிவிட்டு அன்றைக்கு இரண்டு மடங்கு சோறு சாப்பிட்டீர்கள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் எப்படி வாயைத் திறப்பேன்?

சின்னராசா அண்ணைக்கு உடனே பிடிபட்டுவிட்டது. மிருதங்கமும் அதே சுருதிக்கு நிற்க வேண்டுமே. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அடுத்த முறை வேறு மிருதங்கத்தோடு வந்தார். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை கதைத்ததில்லை. வருசங்கள் போகப் போக நாலரை நாலாகியது, நாலு மூன்றாகியது, கடைசியில் மூன்று இரண்டரையாகியது. ஒவ்வொரு முறையும் தொடங்க முன் கேட்பீர்கள். ஒவ்வொரு முறையும் நான் “ஓம் மாமா” என்பேன். உங்கள் காதுக்கு அது ஏன் கேட்கவில்லை? கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதாலா? இல்லை, நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினீர்களா? இரண்டாவதாக இருந்துவிடக் கூடாது என்று இப்போதும் வேண்டிக்கொள்கிறேன்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். மூன்று கட்டையில் நீங்கள் பாடியதுதான் எனக்குப் பிடித்தது. ஐந்தில் ராசா மகனைக் கூப்பிடும்போது அது ராசாவின் கூப்பாடு. மூன்றில் அது ஒரு தகப்பனின் குரல். முல்லைத்தீவில் ஒரு கோயில் வீதியில் அந்தப் பாட்டு முடிந்த கையோடு யுத்தத்தில் மகனைத் தொலைத்த ஒரு அம்மா மேடைக்குப் பின்னால் வந்தா. திறந்திருந்த கைப்பைக்குள் மகனின் படம் தெரிந்தது. அதை வெளியே எடுக்கவில்லை. அரிதாரம் பூசிய உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனா. நீங்கள் அன்றைக்கு முகத்தைத் துடைக்க நெடுநேரம் எடுத்தீர்கள்.

பிறகு அந்தக் கௌரவிப்பு விழா வந்தது. முல்லைத்தீவு மண்டபத்தில் மூத்த கலைஞர்களுக்குப் பொன்னாடை. அப்போது என் அம்மாவுக்கு வவுனியாவில் சத்திரசிகிச்சை, நான் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் நின்றேன். சின்னராசா அண்ணை அதற்கு முந்தின மாரியிலேயே போய்விட்டார். விழாவன்று காலை இவருக்குப் போன் எடுத்து, மாமாவைப் பாடச் சொல்வார்களா என்று கேட்டேன். தெரியாது, பொன்னாடை மட்டும்தான் என்று நினைக்கிறேன் என்றார். அழைப்பிதழில் இருந்த தொலைபேசி இலக்கத்தை மூன்று தரம் பார்த்தேன். போன் எடுத்து என்ன சொல்வது? முன்பின் தெரியாத ஒருவரிடம், எங்கள் மாமாவுக்கு இரண்டரைக் கட்டை பிடியுங்கள் என்றா? அது நாலு பேருக்கு முன்னால் உங்கள் கிரீடத்தை நானே கழற்றுவதாக இருக்கும் என்று நினைத்தேன். போனைப் பைக்குள் வைத்துவிட்டு அம்மாவுக்குச் சுடுதண்ணீர் எடுக்கப் போனேன்.

அன்றைக்கு நடந்ததை இவர் சொல்லித்தான் தெரியும். பொன்னாடை போர்த்திய பிறகு ஒரு பாட்டுப் பாடும்படி சபை கேட்டது. அங்கே ஆர்மோனியம் வாசித்தவர் மரியாதையாக எழுந்து, “எத்தினை கட்டை ஐயா?” என்று கேட்டார்.

நீங்கள் சிரித்தீர்களாம். “உதென்ன கேள்வி தம்பி. அஞ்சு.”

சபை அதற்கே கை தட்டியதாம். முதல் வரி எப்படியோ வந்தது. இரண்டாம் வரியின் உச்சியில் குரல் வரவில்லை. வாய் திறந்தபடி நின்றீர்கள். திரும்பவும் தொடங்கினீர்கள், திரும்பவும் வரவில்லை. வாசித்தவர் கையை எடுத்துவிட்டார். நீங்கள் சபையைக் கும்பிட்டுவிட்டு இறங்கினீர்கள். இரக்கப்பட்டு அதற்கும் கை தட்டினார்கள். மோட்டார் சைக்கிளில் இவருக்குப் பின்னால் பொன்னாடையோடு இருந்து வீடு வந்து சேர்ந்தீர்களாம்.

மூன்று நாள் கழித்து நான் வந்தேன். தேத்தண்ணியோடு உங்கள் முன்னால் நின்றேன்.

“குரல் ஒரே நாளிலை போட்டுது பிள்ளை,” என்றீர்கள். “நீ இருந்திருந்தா வந்திருக்கும்.”

நீங்கள் அன்பாகச் சொன்ன சொல் அது. நான் இருந்திருந்தால் வந்திருக்கும் என்பது உண்மையும்தான் மாமா. எப்படி வந்திருக்கும் என்பதைத்தான் நான் சொல்லவில்லை. குரல் ஒரே நாளில் போகவில்லை, எல்லாருக்கும் போவதுபோல் மெல்ல மெல்லத்தான் இறங்கியது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நான் அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் பாடவே இல்லை.

அதையாவது மன்னித்துக்கொள்ளலாம். இதற்கு மேல் ஒன்று நடந்தது. ஒரு பின்னேரம் விறாந்தையில் நீங்கள் கட்டிலில் படுத்திருந்தீர்கள். எங்கள் அம்மன் கோயில் பஜனைக்குக் கை பழக வேண்டியிருந்ததால் பல மாதத்துக்குப் பிறகு பெட்டியைத் திறந்தேன். கடைசியாக உங்களுக்கு வைத்த இடத்திலேயே வரிசை நின்றது. என்னை அறியாமல் கை, உங்கள் ராசா மேடைக்கு வரும்போது பாடும் வரவுப் பாட்டுக்குப் போய்விட்டது. நீங்கள் தலையைத் திருப்பினீர்கள்.

“பிள்ளை, உது எத்தினையிலை கிடக்கு?”

வருசக்கணக்காகப் பழகிய நாக்கு. “அஞ்சு மாமா,” என்றது.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். “எனக்கு ரெண்டரை மாதிரிக் கேக்குது.”

சரியாக இரண்டரை. அரைக் கட்டை கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டு உங்கள் காலடியில் இருந்து அழுதிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நானோ, “அஞ்சுதான் மாமா,” என்று இன்னொரு தரம் சொன்னேன்.

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள். “அப்ப காதும் போட்டுது.”

அன்றைக்குப் பிறகு நீங்கள் ரேடியோவைக் கூடப் போடச் சொல்லவில்லை. யாராவது பாட்டைப் பற்றிக் கதைத்தால் கையை ஆட்டி, எனக்கு இனி அது விளங்காது என்றீர்கள். அறுபது வருசம் பாடிய மனிதருக்கு உள்ளே மிச்சமாக இருந்தது அந்தக் காது ஒன்றுதான். அதை நான் ஒரு சொல்லால் பிடுங்கிவிட்டேன். இரண்டு மாதத்தில் நீங்களும் போய்விட்டீர்கள். என்னை நம்பியதால் உங்கள் காதை நம்பாமல் போனீர்கள் மாமா. இதை நினைத்துத்தான் எனக்கு நித்திரை வருவதில்லை.

நேற்று அந்த வரியைச் சிவப்புப் பேனையால் வெட்டினேன். பக்கத்தில் இப்படி எழுதினேன்: ‘ஐந்து கட்டையில் தொடங்கி இரண்டரைக் கட்டைவரை பாடியவர். கடைசிவரை சுருதி தப்பாத காது உடையவர்.’

இவர் வயலால் வந்து அதைப் பார்த்தார். “அப்பாவை ஏன் இறக்கிறாய்?” என்று கேட்டார். நான் முதலில் இருந்து கடைசிவரை எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். எழுந்து கிணற்றடிக்குப் போனார். கால் கழுவ அவ்வளவு நேரம் எடுக்காது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. தாளை எடுத்து இன்னொரு தரம் வாசித்தார்.

“காது எண்டு இருக்கிற வரியைக் கொஞ்சம் பெரிசாப் போடச் சொல்லு,” என்றார்.

முப்பத்தோராம் நாள் உங்கள் படத்துக்கு முன்னால் பெட்டியைக் கொண்டுவந்து வைப்பேன் மாமா. வந்திருக்கிற சனம் முழுவதற்கும் கேட்கிற மாதிரி, என்ன கட்டை என்று வாய் திறந்து சொல்லிவிட்டுத்தான் வரவுப் பாட்டை வாசிப்பேன். இனி எந்தப் பாட்டுக்காரர் என்னிடம் சுருதி கேட்டாலும், அவர் முகம் எப்படி மாறினாலும், உள்ளதைத்தான் சொல்வேன். இது உங்கள் மேல் ஆணை.

அந்தப் பின்னேரம் நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். உங்கள் காது போகவில்லை. நீங்கள் கேட்டது சரி. அது இரண்டரைதான் மாமா.

உங்கள் ஆர்மோனியக்காரியும்
மருமகளுமான
லெட்சுமி