துரைக்குத் தைத்த வெல்வெட் உறை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தையல் மெஷின் மூவரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருப்பாய் என்று நம்புகிறேன். இதில் துரை பெயரைக் காணோமே என்று இதற்குள் உன் புருவம் ஏறியிருக்கும், உன் நாயைப் பற்றிச் சொல்லத்தான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான் பேனாவைப் பிடித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டபோது துரை தூங்குகிறான் என்றேன் அல்லவா, அது பொய். எழுந்திருக்க முடியாமல் மெஷினுக்கடியில் கிடந்தான். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிச்சல் வரவில்லை, காகிதம் என்றால் முறைக்காது பார். இப்போது பிழைத்துக்கொண்டான், முதலில் அதைப் படித்து மூச்சு விடு.

நடந்தது என்னவென்றால், உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் என்று நீ அனுப்பிய சாம்பல் நிறக் கழுத்துப்பட்டை இருக்கிறதே, அது எனக்குப் பிடிக்கவே இல்லை. துரை மாதிரி ஓர் அழகனுக்குத் தண்ணீர்க் குழாயை வெட்டிக் கட்டினது போல இருந்தது, கழுத்தை உறுத்துமோ என்று வேறு கவலை. கவுன் தைத்து மிஞ்சின சிவப்பு வெல்வெட்டில் அதற்கு உறை தைத்தேன், நனையக் கூடாதென்று உள்ளே மழைக்கோட்டுத் துணி கொடுத்து இரட்டைத் தையல் போட்டேன். நீகூட போட்டோவைப் பார்த்து, ராஜா மாதிரி இருக்கான் என்று தோழிகளுக்கெல்லாம் காட்டினாய். ராஜாவின் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி குடியேறியதை ராஜமாதா கவனிக்கவில்லை. கண்ணில் பட்ட ஒன்றிரண்டை நகத்தால் கிள்ளி நசுக்கினேன், அதுவும் தப்பாம். அப்புறம் சோறு இறங்கவில்லை, உடம்பு கொதித்தது, ஈறெல்லாம் வெளுத்துப் போனது. அப்பா தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்து உண்ணிக் காய்ச்சல் என்றார். பட்டை போட்டுத்தானே இருக்கிறான் என்று நான் நியாயம் கேட்டேன். அவர் வெல்வெட்டைத் தடவி, உள்ளே விரலை விட்டுப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்: "ஏம்மா, இது தோல்ல பட்டாத்தான் மருந்து முடியில இறங்கும். நீங்க மருந்துக்கே மழைக்கோட்டு மாட்டி விட்டிருக்கீங்களே."

என் தையலில் ஒரு ஓட்டை இருந்தது என்று இத்தனை வருஷத்தில் யாரும் சொன்னதில்லை கண்ணு. அதில் ஒரு ஓட்டை இருந்திருந்தால் அவன் தப்பித்திருப்பான். காய்ச்சல் இறங்கும் வரை தரையில் அவன் பக்கத்திலேயே படுத்தேன். என் கையை நக்கினான், கடித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

இப்போது மாத்திரை போகிறது, கஞ்சி குடிக்கிறான், நேற்று வாசல் வரை போய் தபால்காரரைப் பார்த்து அரைக் குரலில் குரைத்தான். அவன் விரிப்பையெல்லாம் கொதிநீரில் துவைத்தேன், உண்ணி ஒளிந்துகொள்ளும் சுவர் விரிசலை அப்பா பூசிவிட்டார். புதுப் பட்டை வெறுமனே கழுத்தில் கிடக்கிறது, அதன் பக்கம் ஊசியோடு போக எனக்குத் தடை. மண்ணெண்ணெய் தடவு என்றார் உன் மாமா, முதலில் அவருக்குத் தடவிப் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. அப்பா தினமும் மூக்குக்கண்ணாடியோடு அவன் காதைப் புரட்டி, இடுக்கியால் உண்ணியைத் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கிறார். என் தலையில் பேன் பார்க்கச் சொன்னால் மட்டும் மனுஷனுக்குக் கண் தெரியாது.

என்னை ஆசை தீரத் திட்டு, ஆனால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வராதே. நம்பி விட்டுப் போனாய், நான் அழகு பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன், அது எனக்கு ஆறாது. எந்த நோவும் அண்டாமல் நீ நன்றாக இரு. ஞாயிறு மறக்காமல் கூப்பிடு, இந்தத் தடவை அவனையே பேசச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ராஜமாதா பதவி பறிபோன உன் அம்மா

பின்குறிப்பு: சின்னதாய்க் கறுப்பாய் எதைப் பார்த்தாலும் இப்போது என் கை இடுக்கிக்குப் போகிறது. நேற்றுப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை அளவு கொடுக்க வந்தார். கழுத்தளவு எடுக்கும்போது பிடரியில் ஒன்றைக் கண்டேன். தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தேன். அது மச்சம். மற்ற அளவுகளைக் கொடுக்காமலே போய்விட்டார்.