ஹீரோவுக்கு அடித்த மணி

ஜூலை 9, புதன்

இன்று கடைக்கு வந்த மூன்றாவது ஆளும் அதே ரிங்டோனைத்தான் கேட்டார். தகர டப்பாவில் கல்லைப் போட்டு உலுக்கின சத்தம். அதற்கு மாஸ் பி.ஜி.எம். என்று பெயர். ஏற்றிக் கொடுத்தேன். அக்காள்மடத்தில் செல்போன் கடையில் நிற்கிறவளுக்கு ரசனை ஒரு கேடா?

தீபாவளி வரைக்கும் வரப்போகிற படங்களில் யார் யார் இசை என்று நானும் சஃபாவும் பேசாத நாள் இல்லை. என்கூட கடையில் வேலை பார்க்கிறவள். அவளுக்கு எல்லாம் பிடிக்கும், எனக்கு ஒன்றும் பிடிக்காது. ஒருத்தர் முதல் படத்துக்குப் போட்டதையே கொஞ்சம் வேகமாக ஓட்டி ஆறு படம் ஒப்பேற்றிவிட்டார். இன்னொருத்தர் இசை வருவதற்கு முன்னால் ஒரு அறிவிப்பு, அறிவிப்புக்கு ஒரு முன்னோட்டம், முன்னோட்டத்துக்கு ஒரு போஸ்டர் என்று விடுகிறார். போஸ்டரில் கறுப்புக் கண்ணாடியோடு வானத்தைப் பார்க்கிறார். கர்மம்.

காளிதாஸ் ஒருத்தர்தான் மனுஷன். திருப்புல்லாணிப் பக்கத்துக்காரர், நம் மாவட்டம். அவர் இசை போட்ட ஒரு சின்னப் படத்தில் அப்பா பஸ் ஸ்டாண்டில் மகளுக்காகக் காத்திருப்பார். ஒற்றைப் புல்லாங்குழல். பஸ் வந்ததும் குழல் நின்றுவிடும். மகள் இறங்கி வருவது வரை ஒரு சத்தமும் இல்லை. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்த ஆள். மாதா கோயிலில் ஞாயிறு பூசைக்குக் கீபோர்டு வாசிக்கிற எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

அவருடைய முதல் பெரிய படம், ‘சூறையாண்டி’, ஆகஸ்டில் வருகிறது. அதற்குத்தான் காத்திருக்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

ஞாயிறு மாலை ஹீரோ தீம் வெளியீடு. காளிதாஸும் போஸ்டர் விட்டிருக்கிறார். கண்ணாடி போடவில்லை. பிழைத்தார்.

ஜூலை 20, ஞாயிறு

என்ன சொல்ல.

ஆறு மணிக்குப் போட்டார்கள். அடுப்படியில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் வைத்தேன். முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரு மணி. பிறகு நீண்ட இடைவெளி. பிறகு மறுபடி ஒரு மணி.

அம்மா மீனை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். கையெல்லாம் செதில். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டே, “யாருக்குடி? எந்த போட்டுல போனவன்?” என்று கேட்டாள்.

“படம்மா. படத்துப் பாட்டு.”

அம்மா என் போனைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியவில்லை.

எங்கள் கோயிலில் சாதாரணச் சாவுக்கு ஒரு மாதிரி அடிப்பார்கள். கடலில் போனவருக்கு வேறு. பெரிய மணியை ஒருமுறை அடித்துவிட்டு, மணியடிக்கிற கோயில்பிள்ளை ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ முழுவதும் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடி. கடிகாரம் கிடையாது, செபம்தான் கணக்கு. கேட்கிற எல்லோரும் அந்த இடைவெளியில் அதைச் சொல்வார்கள். கடைசியாக அப்படி அடித்தது என் தம்பி டேவிட்ராஜுக்கு. ரெண்டு வருஷம் ஆகப்போகிறது.

அந்த மணியைத்தான் காளிதாஸ் எடுத்திருக்கிறார். இடைவெளியில் ஹீரோவின் பூட்ஸ் சத்தம். அப்புறம் லைட்டர் பற்ற வைக்கிற சத்தம்.

முதல் அடியில் எனக்குப் புல்லரித்தது. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

கடையில் காலையிலிருந்து அதே ரிங்டோன். இன்று மட்டும் பதினைந்து பேராவது இருக்கும். பஸ்ஸில் எவனுக்கோ போன் வந்திருக்கிறது, நம் தெரு ஆச்சி ஒருத்தி நடுவழியில் இறங்கி ஓடி வந்திருக்கிறாள். மகன் கடலுக்குப் போயிருக்கிறான் அல்லவா. வந்து பார்த்தால் ஒன்றுமில்லை. ஊரே சிரிக்கிறது. சிரிப்பா இது?

கோயில்பிள்ளை பெஞ்சமின் மாமா கடைக்கு வந்து கத்தினார். “ஏ ஆன்சி, இந்தக் கருமத்த ஏத்திக் குடுக்காதன்னு ஒங்க மொதலாளிகிட்ட சொல்லு. நாளைக்கு நெசமா அடிச்சா எவன் வருவான்?”

முதலாளி, “நாம குடுக்கலன்னா எதுத்த கடையில குடுப்பான்,” என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காளிதாஸ் பேட்டி கொடுத்திருக்கிறார். சின்ன வயதில் அந்த மணியோசை காற்றில் மிதந்து வந்து தன் ஜன்னலைத் தட்டுமாம். திருப்புல்லாணியில்! பாலம் தாண்டி, மண்டபம் தாண்டி, உச்சிப்புளி தாண்டி அவர் ஜன்னலைத் தேடிப் போய்த் தட்டியிருக்கிறது. எந்தக் காற்றுடா அது? புளுகுக்கும் ஒரு தூரம் வேண்டாமா?

பூசை முடிந்து பெஞ்சமின் மாமாவிடம் கேட்டேன், யாராவது வந்து மணியைப் பதிவு செய்தார்களா என்று. “ஒரு ஈ காக்கா வரல. ஆனா அடிச்சது என் கைதான். ரெண்டாவது அடி லேசா சரியும் பாரு, எனக்குத் தோள்பட்ட வலி,” என்றார்.

வராமல் எப்படி எடுத்தார்கள்?

சஃபாவுக்கு இன்னும் நம்பிக்கை. “கடலோரத்து சனங்களுக்கு மரியாத செஞ்சிருக்காருக்கா. முழுப் படத்துல பாருங்க, இன்ஷா அல்லாஹ் நல்லாத்தான் இருக்கும்.” எனக்கும் உள்ளுக்குள் அந்த ஆசை இருக்கிறது. அந்தப் புல்லாங்குழல் போட்டவன் இவ்வளவு மட்டமாகவா இருப்பான்?

ஆகஸ்ட் 16, சனி

இருப்பான்.

ராமநாதபுரம் போய்ப் பார்த்தோம். நான், சஃபா, அம்மா, பக்கத்து வீட்டுக் கிறிஸ்டினா. “அப்படி என்னதான் எடுத்திருக்கான்னு நானும் பாக்குறேன்,” என்று அம்மாவாகத்தான் கிளம்பினாள்.

ஹீரோ வருகிறான். மணி அடிக்கிறது. சாவு மணியோடு வருகிறவன் செத்தவன் இல்லை, நாற்பது பேரைச் சாகடிக்க வருகிறவன். தியேட்டரே விசிலடிக்கிறது, பேப்பரைக் கிழித்து எறிகிறது. நடுவில் எங்கள் வரிசையில் மட்டும் முணுமுணுப்பு. திரும்பினால் அம்மாவும் கிறிஸ்டினாவும் கண்ணை மூடி ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். மணி கேட்டால் வாய் தானாகச் சொல்கிறது, அவர்கள் என்ன செய்வார்கள்? நானும் செபத்தின் கடைசியில் வரும் ‘மரண நேரத்திலும்’ வரைக்கும் வந்துவிட்டேன். ஹீரோவின் ஆன்மா நன்றாக இளைப்பாறியிருக்கும்.

முன் சீட்டுக்காரன் திரும்பி எங்களைப் படம் எடுத்தான். சஃபா அவன் போனைத் தட்டிவிட்டாள். நல்ல பிள்ளை.

மூன்றாவது அடியில் அம்மா சட்டென்று செபத்தை நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் திரையைப் பார்க்கவே இல்லை. இடைவேளையில் தண்ணீர்கூட வேண்டாம் என்றாள். மணியை இப்படிச் சீரழித்துவிட்டார்களே என்ற கோபம் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

முழுப் பின்னணி இசையையும் ஆல்பமாக விட்டிருக்கிறார்கள். கேட்டிருக்கவே கூடாது. பழக்கதோஷம், ஹெட்போன் மாட்டிக்கொண்டேன்.

மூன்றாவது மணிக்கு அடியில் ஒரு குரல் இருக்கிறது. ஜூலையில் விட்ட தீமில் ரெண்டு மணிதான்; தியேட்டரில் விசில் சத்தத்தில் எனக்குப் பிடிபடவில்லை. தாழ்த்தி, இழுத்து, மேலே எதிரொலி பூசி வைத்திருக்கிறான். ஒரு பெண்ணின் அழுகை.

அம்மா.

எங்கம்மாதான். தம்பியைக் கொண்டுவந்து வாசலில் கிடத்தினப்போ, முடியெல்லாம் தண்ணி சொட்டுச்சு. “நனைஞ்சு கெடக்கானே, தொவட்டி விடுங்கடி”ன்னு கத்துனா. துண்டு எடுத்துட்டு வர ஒருத்தருக்கும் கால் நகரல. அந்த ‘விடுங்கடி’யோட கடைசி இழுப்பு. அத வெட்டி எடுத்திருக்கான். எத்தன தடவ கேட்டாலும் அதேதான். வெளிநாட்டுல இருக்கிற சொந்தக்காரங்களுக்காக ஒடம்பு வந்ததுல இருந்து அடக்கம் வரைக்கும் கோயில் சேனல்ல லைவ் போட்டாங்களே, அங்கன இருந்து எடுத்திருக்கான். மணியும் அதுலதான். தம்பிக்கு அடிச்ச மணி.

கீழே கமெண்டில் ஒருத்தன்: ‘3.12-ல் வரும் அந்தக் குரல் வேற லெவல். எந்த நாட்டுப் பாட்டு இது?’

தூ.

ஆகஸ்ட் 30, சனி

சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு இது தெரியவே கூடாது.

செப்டம்பர் 11, வியாழன்

அந்த அழுகை எங்கிருந்து எடுத்தது என்று கேட்டுக் காளிதாஸுக்கும் படக் கம்பெனிக்கும் மாற்றி மாற்றி எழுதினேன்; இன்று காளிதாஸே கூப்பிட்டார். குரல் அவ்வளவு மென்மை. பஞ்சில் பொதிந்த மாதிரி.

“அக்கா, நானும் நம்ம ஊருக்காரன்தான். இன்டர்நெட்ல கெடந்துச்சு, எடுத்தேன். ஸ்டூடியோவுல ஆறு பேர அழ வச்சுப் பாத்தேன்க்கா, வரல. இதுல ஒரு உண்மை இருந்துச்சு.”

“அது எங்கம்மா.”

“அம்மாவா? வாவ்,” என்றார்.

வாவ்! என் வாயில் வந்ததை எல்லாம் சொன்னேன். எரிகிற வீட்டில் பிடுங்கினவரைக்கும் லாபம் என்று அலைகிற பிறவியா நீ என்று கேட்டேன். அவர் கோபப்படவே இல்லை, அதுதான் இன்னும் அருவருப்பு. டைட்டிலில் நன்றி கார்டு போடுகிறாராம். அம்மாவை ஒரு மேடையில் வைத்துக் கௌரவிக்கிறாராம். “நீ ஒண்ணும் செய்ய வேணாம், அந்தக் குரல எடு,” என்றேன். ஓ.டி.டி.யில் வரும்போது எடுத்துவிடுகிறேன் என்றார். ரிங்டோன், ரீல்ஸ் எல்லாம் தன் கையில் இல்லையாம்.

போனை வைத்த பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அந்தப் புல்லாங்குழல் யாருடையது என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அக்டோபர் 10, வெள்ளி

ஓ.டி.டி.யில் வந்துவிட்டது. சொன்னபடி மாற்றியிருக்கிறார். அம்மா குரல் இல்லை. அந்த இடத்தில் பயிற்சி எடுத்த ஒரு பாடகி அழுகிறாள். சுருதி சுத்தம், மூச்சு விடுகிற இடம்கூட அழகு. ரசிகப் பெருமக்கள் கொந்தளிக்கிறார்கள்: ‘தியேட்டர் வெர்ஷன் ஃபீல் இதுல இல்ல.’ ‘ஒரிஜினல் அழுகையைத் திருப்பிக் கொடு.’ கையெழுத்து இயக்கமே நடத்துகிறார்கள்.

சஃபா எனக்கு முன்னால் போனை எடுப்பதில்லை. இசை பற்றி நாங்கள் பேசுவதே நின்றுபோய்விட்டது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் இருவரும் ரோட்டைப் பார்க்கிறோம்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். தம்பி கல்லறையில் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றினோம். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. பக்கத்தில் யாருக்கோ போன் வந்தது. அதே மணி, பழைய ஆல்பத்திலிருந்து வெட்டின ரிங்டோன், அம்மா குரலோடு. நான் எழுந்து நின்று மறைப்பது போல அம்மாவுக்கு முன்னால் போய் நின்றேன். சத்தத்தை எப்படி மறைக்க முடியும், மடச்சி.

அம்மா மெழுகுவத்தியைப் பொத்திப் பிடித்தபடியே, “தள்ளு, வெளிச்சம் மறைக்குது,” என்றாள். பிறகு, “எனக்குத் தியேட்டர்லயே தெரியும்டி. எங்கொரலு எனக்குத் தெரியாதா?” என்றாள்.

“ஏம்மா சொல்லல?”

“நீ அந்தப் பய பாட்டுன்னா உசுர விடுவ. ஒனக்குன்னு இருக்கது அது ஒண்ணு. அதையும் எதுக்குக் கெடுக்கன்னு விட்டுட்டேன்.”

நான் அவளுக்காக மூடி வைத்திருக்க, அவள் எனக்காக மூடி வைத்திருந்திருக்கிறாள். அங்கேயே உட்கார்ந்து ஏங்கி ஏங்கி அழுதேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். “மெதுவா. எவன் கையில போனு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?”

நவம்பர் 26, புதன்

மணி அடித்தபோது கடையில் இருந்தேன். நின்றவர்களில் ரெண்டு பேர் முதலில் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார்கள். அடுத்த அடியில் லேசான சரிவு. பெஞ்சமின் மாமாவின் கை. ஷட்டரைக்கூட இறக்காமல் ஓடினேன்.

கிறிஸ்டினாவின் வீட்டுக்காரர் சகாயவினோத். வலை இழுக்கும்போது கயிறு காலில் சுற்றிக் கடலில் தூக்கி எறிந்துவிட்டதாம்.

வாசலில் கிடத்தியிருந்தார்கள். தெருப் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. இப்படி ஒரு சாவு வீட்டை நான் பார்த்ததில்லை. கிறிஸ்டினா துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், உடம்பு மட்டும் தூக்கித் தூக்கிப் போட்டது. அம்மா முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்திருந்தாள். எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் போய்ப் போய் வந்தது. தலைமாட்டில் ஸ்டாண்டு போட்டு இளைஞர் மன்றத்தின் போன். லைவ்.

போய் அதைக் கழற்றி அணைத்துவிட்டேன்.

“ஏ ஆன்சி, என்ன செய்ற? துபாய்ல இருந்து அவரு தம்பி பாத்துக்கிட்டு இருக்காருல்ல?” என்று சத்தம் போட்டார்கள். அந்தத் தம்பிக்கு நான் செய்தது பாவம்தான். தெரிந்துதான் செய்தேன்.

“எல்லாரும் போன உள்ள வைங்க,” என்றேன். என் குரலா என்று எனக்கே சந்தேகம். ஒவ்வொருத்தராக வைத்தார்கள்.

அம்மா என் கையில் இருந்த போனைப் பார்த்தாள். திரை கறுப்பாக இருப்பதை நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகு வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். போய்க் கிறிஸ்டினாவின் தோளைப் பிடித்தாள். கிறிஸ்டினா துப்பட்டாவை விட்டுவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினாள், தெருவே சேர்ந்துகொண்டது.

என்ன சொல்லி அழுதாள் என்று நான் இங்கேகூட எழுதப்போவதில்லை.