அக்டோபரில் வராத இன்கிரிமென்ட்

6.10.2025, திங்கள்

சத்யப்ரியா இன்று ஆபீசில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். இன்கிரிமென்ட் ஆர்டர் வந்துவிட்டதாம். போன டிசம்பரில் எனக்கும் அவளுக்கும் ஒரே உத்தரவில்தான் கண்காணிப்பாளர் பதவி உயர்வு வந்தது. அதில் என் பெயர் முதலில், அவள் பெயர் அடுத்து. அவளுக்கு அக்டோபரில் இன்கிரிமென்ட், எனக்கு இல்லை. எப்படி?

சம்பள பில் போடுவது சௌரிராஜன். "எனக்கு எப்பப்பா?" என்று கேட்டேன். "உங்களுக்கு ஜனவரிதாண்ணே" என்றான், கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே. மடியில் கனமில்லாதவன் ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டானா?

ஜனவரியில் நான் எங்கே இருப்பேன்? இந்த நவம்பரோடு ரிட்டயர்மென்ட். கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான் பென்ஷன். இதை விட்டால் சாகும்வரை குறைச்சல்தான். எனக்குப் பிறகு மலையம்மாளுக்கு வரும் குடும்பப் பென்ஷனும் குறையும். விடமாட்டேன்.

8.10.2025

மத்தியானம் சௌரியும், என் பழைய தபால் சீட்டில் இருக்கும் உமேஷும் அவர்கள் வீட்டுப் பாஷையில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதில் ஒரு வார்த்தை புரியாது. நான் உள்ளே போனதும் தமிழுக்கு மாறிவிட்டார்கள். "வாங்கண்ணே, புளியோதரை இருக்கு, சாப்பிடுங்க."

மரியாதைக்காக மாறினார்களா, மறைப்பதற்காகவா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாசனை என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

9.10.2025

சத்யப்ரியாவின் ஸ்கூட்டியில் சௌரி பின்னால் உட்கார்ந்து பேங்குக்குப் போகிறான். ஆபீசில் வேறு வண்டியே இல்லையா?

13.10.2025

மண்டல அலுவலகத்துக்கு மனு எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டேன். வேண்டியவர்களுக்கு ஒரு நியாயம், மற்றவர்களுக்கு ஒரு நியாயம் என்று சௌரிராஜன் நடந்துகொள்வதாக எழுதினேன். 'ஆதாயம் பெற்றுக்கொண்டு' என்று முதலில் எழுதி அடித்தேன். பிறகு அதையும் சேர்த்துத்தான் அனுப்பினேன். அது இல்லாவிட்டால் யார் விசாரிக்கப் போகிறார்கள்?

மலையம்மாளிடம் சொன்னேன். "அந்தத் தம்பி நல்ல பிள்ளையாச்சே. ஆபீசர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பக் கூடாதா?" என்றாள்.

"ஆபீசரும் கூட்டா இருந்தா?"

அவள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

20.10.2025, தீபாவளி

சௌரி வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்பியிருக்கிறான். எல்லோருக்கும் அனுப்பியதா, எனக்கென்று அனுப்பியதா? மனு போனது தெரிந்திருக்குமோ? பதில் போடவில்லை.

31.10.2025, வெள்ளி

ஆபீசர் கூப்பிட்டார். மேஜைமேல் என் மனு.

"உக்கிரபாண்டி, டிசம்பர் முடியறதுக்குள்ள சேந்தவங்களுக்கு அக்டோபர் ஒண்ணாம் தேதி இன்கிரிமென்ட். ஜனவரில சேந்தா அடுத்த ஜனவரி ஒண்ணாம் தேதி. ஆர்டர் தேதிக்கு இல்ல, சேந்த தேதிக்குத்தான் கணக்கு. அந்தம்மா டிசம்பர் கடைசில சேந்தாங்க. நீங்க பொங்கல் லீவெல்லாம் கழிச்சு வந்து சேந்தீங்க. இதுல சௌரிராஜன் என்ன செய்வாரு?"

நான் இத்தனை வருடமும் தபால் பிரிவிலேயே கிடந்தவன். ஒரே ஆர்டர் என்றால் ஒரே கணக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆர்டர் வந்தபோது மார்கழி பிறந்திருந்தது. மார்கழியில் யார் போய்ப் புது நாற்காலியில் உட்காருவார்கள்? சோழவந்தானில் எங்கள் ஆட்கள் அந்த மாதத்தில் ஒரு புதுப் பாய்கூட வாங்க மாட்டார்கள். நானும் மெடிக்கல் லீவு போட்டுவிட்டு தை பிறக்கட்டும் என்று வீட்டில் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மலையம்மாள் பிடித்துக்கொண்டாள்.

"அப்பவே சௌரி தம்பி எனக்கு ரெண்டு தடவ போன் பண்ணுச்சுல்ல? 'மதினி, வருசம் முடியறதுக்குள்ள அண்ணனை வந்து சேரச் சொல்லுங்க'ன்னுச்சே. நீங்க என்ன சொன்னீக? என் பழைய சீட்டுல உமேச உக்கார வைக்க அவசரப்படுறான், இனிமே போன எடுக்காதேன்னீக."

ஆமா, சொன்னேன். என் வாயாலதான் சொன்னேன். அவன் என் பென்ஷனுக்காகக் கூப்பிட்டிருக்கான், நான் — ச்சே. நினைக்க நினைக்க வெட்கமா இருக்கு.

4.11.2025

மனுவைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். ஆதாயம் என்று எழுதியிருப்பதால் விசாரணை முடியாமல் மூட முடியாதாம். "போடுறது லேசு, எடுக்கிறதுதான் லேட்டாகும்" என்றார் மண்டல அலுவலக ஆள்.

சௌரியிடம் போய் நின்றேன். "தப்புப் பண்ணிட்டேன்ப்பா."

"விடுங்கண்ணே. அன்னைக்கே நானும் வெளக்கிச் சொல்லியிருக்கணும்" என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்தான்.

ஒருத்தன் இம்புட்டு லேசாக மன்னிப்பானா? உள்ளே என்ன வைத்திருக்கிறானோ — அட, என்ன புத்தி இது.

19.11.2025

கண்காணிப்பாளர் பதவி உயர்வுப் பட்டியல் வந்தது. சௌரிக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் பெயர் இருக்கிறது. அவன் பெயர் இல்லை. அவன் மீது புகார் நிலுவையில் இருக்கிறதாம். இனி அடுத்த வருடப் பட்டியல்தான், அதுவும் அதற்குள் விசாரணை முடிந்தால்.

உமேஷ் என்னைத் தாண்டிப் போனான், பார்க்காதது மாதிரி. சௌரி சாயங்காலம்வரை பில் போட்டுக்கொண்டிருந்தான்.

எனக்குப் போனது ஒரு இன்கிரிமென்ட். அவனுக்கு ப்ரமோஷனே போச்சு. யாரால?

20.11.2025

சாப்பாடு இறங்கவில்லை.

28.11.2025, வெள்ளி

கடைசி நாள். மாலை, சால்வை. ஆபீசர் நாலு நல்ல வார்த்தை பேசினார். சத்யப்ரியாவுக்குக் கண் கலங்கியது. மலையம்மாள் பட்டுச்சேலையில் வந்திருந்தாள்.

எல்லோரும் கிளம்பிய பிறகு சௌரி என் செட்டில்மென்ட் காகிதங்களை எடுத்து வந்தான். மற்றவர்களுக்கு மாதக்கணக்கில் இழுக்கும் வேலை. எனக்கு ஒன்றும் பாக்கி வைக்காமல் முடித்திருந்தான்.

"சார், எல்லாம் சரியா இருக்கான்னு படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

சார். இருபது வருடப் பழக்கத்தில் ஒரு நாள்கூட அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"நீ போட்டா சரியாத்தான்ப்பா இருக்கும்" என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். அவன் காகிதங்களை வாங்கவில்லை. உட்காரவும் இல்லை. நின்றுகொண்டே ஒவ்வொரு பக்கமாக எனக்கு வாசித்துக் காட்டினான். "சரிதானே சார்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டான். கடைசிப் பக்கம்வரை நான் சரி, சரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.