பேட்டரியில் கரண்ட் தங்கவில்லை

மே 9. ஹட் பே

தீவில் காற்றே இல்லை. புழுக்கம். மேட்டில் என் மூன்று காற்றாடிகளும் சும்மா நிற்கின்றன. விசிறி சுற்றினால்தான் டைனமோ, டைனமோ ஓடினால்தான் பேட்டரிக்குச் சார்ஜ், பேட்டரி இருந்தால்தான் வயர்லெஸ். டீசல் செட் பிப்ரவரியிலேயே படுத்துவிட்டது.

என் மனைவி ரோஸ்லினுக்கு ஏழாம் மாதம். காலும் முகமும் வீக்கம். கம்பவுண்டர் மண்டல்: "அந்தோணி பாய், யே டீக் நஹி. போர்ட் பிளேயர் லே ஜாவ்." இது சரியில்லை, போர்ட் பிளேயருக்குக் கொண்டுபோ என்கிறார். கார் நிக்கோபார் தீவிலிருந்து கப்பல் 17-ம் தேதி போர்ட் பிளேயருக்குத் திரும்பும். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால்தான் இங்கே நிற்கும்.

மே 12

மதியம் மழை. ஜனவரிக்குப் பிறகு இதுதான் முதல் மழை. பேட்டரிகளில் தண்ணீர் வற்றித் தகடு தெரிந்தது. டிஸ்டில்டு வாட்டர் மெயின்லேண்டிலிருந்து வரவில்லை. தகரக் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து எல்லாவற்றிலும் ஊற்றியாயிற்று. நிம்மதி.

வாங்க: பார்லி, சோப்பு, திரி.

மே 14

தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்டது. மூன்றும் பேய்ச் சுற்று. மீட்டர் முள் நன்றாக ஏறுகிறது. ரோஸ்லினுக்குத் தலைவலி, கண் மங்கல். நாளைக்குக் கப்பலுக்குச் சேதி அனுப்பிவிடலாம்.

மே 16

அனுப்ப முடியவில்லை. சார்ஜ் ஏறுகிறது, ஆபரேட்டர் நாயர் சுவிட்சைத் தொட்டதும் விழுகிறது. "காத்து இத்தர அடிக்குது அந்தோணி, சார்ஜ் மட்டும் நிக்கலையே." கடைசியில் டைனமோவிலிருந்து நேராக வயர்லெஸ் செட்டுக்கு ஒயர் இழுத்தோம். ஒரு வேகக் காற்றில் கரண்ட் எகிறி செட்டின் வால்வு கருகிவிட்டது. இனி வயர்லெஸ்ஸே இல்லை.

அப்புறம்தான் தொட்டியில் மிச்சமிருந்த தண்ணீரை நாக்கில் வைத்தேன். உப்பு. உப்புத் தண்ணீர் சேர்ந்த பேட்டரியில் சார்ஜ் நிற்காது. நாலு மாதக் கடல் சாரல் தகரத்தில் படிந்திருக்கும். முதல் மழையை விட்டுவிட்டு அடுத்ததைத்தான் பேட்டரிக்குப் பிடிக்க வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். அவசரம். என் கையாலேயே கெடுத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மே 17

காலை பத்து மணிக்குக் கப்பல் தெரிந்தது. காற்றாடிக் கம்பத்தில் ஏறி வேட்டியை ஆட்டினேன். திரும்பவே இல்லை. வடக்கே போய் மறைந்தது. அடுத்தது எப்போது? படகுத்துறையில் யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்தால், ரோஸ்லினுக்கு ஒரு தடவை வலிப்பு வந்து போயிருக்கிறது. மண்டல் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் ஜன்னல் வழியாக மேட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"காத்தாடி நல்லா சுத்துதுல்லா? சேதி போயிருக்கும்லா?"

"போயிட்டு."

"கப்பல் எப்பம் வரும்?"

"நாளைக்கு" என்றேன்.

பிள்ளைத் துணியைப் பெட்டியில் எடுத்து வைக்கச் சொன்னாள். வைத்துக்கொண்டிருக்கிறேன்.