உனக்கு நான் அக்கா மட்டும்தான்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் உன் குரலைக் கேட்டால் அழுகை முட்டுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். ஒரு மாதமாக வேலைக்குப் போகவில்லை. குளிக்க வேண்டுமென்று நினைப்பதற்குள் மத்தியானம் ஆகிவிடுகிறது. துவைத்த துணி நாற்காலியில் மலையாகக் கிடக்கிறது. நேற்று இவர், "ஏன் இப்படி சுவரையே பார்த்துட்டுப் படுத்திருக்க?" என்றார். அப்போதுதான் உறைத்தது. அம்மா இப்படித்தானே படுத்திருந்தாள்?

ஊராருக்கெல்லாம் கவுன்சலிங் கொடுக்கிறாய். என்னையும் பாரேன். கூடப் பிறந்தவளுக்குத் தள்ளுபடி உண்டா?

உன்
வாலு


மார்ச் 11

என் வாலுக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு, அடுத்து வந்தவரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைத்துவிட்டேன். இதுவரை யாரையும் அப்படிக் காக்க வைத்ததில்லை.

அம்மாவை எழுப்ப நான் செய்யாத கோமாளித்தனமா? பாடினேன், ஆடினேன், முதல் ரேங்க் வாங்கினேன். "எழுந்திரும்மா, எல்லாம் சரியாயிடும்" என்று கெஞ்சினேன். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ஓர் ஆலோசகர் வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ரொம்பக் களைப்பா இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டார். அம்மா அவர் பக்கம் திரும்பினாள். அதை நம் வீட்டில் யாருமே கேட்டதில்லை. இந்த வேலைதான் என்று அன்றே முடிவு செய்தேன். இன்றும் யாருக்கும் நான் புத்தி சொல்வதில்லை. அவசரப்படுத்துவதும் இல்லை.

ஆனால் உன்னை நான் பார்க்கக் கூடாது. சொந்தக்காரர்களுக்குக் கவுன்சலிங் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் விதி. எதிரே உட்கார்ந்து நீ அம்மாவைப் பற்றிப் பேசினால் நான் காது கொடுக்க மாட்டேன், வாதாடுவேன். எனக்குத் தெரிந்த மனநல டாக்டர் ஒருவரின் முகவரியை இத்துடன் வைத்திருக்கிறேன். அவரிடம் போ. உனக்கு நான் அக்கா மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா? துணியாவது மடித்து வைக்கிறேன்.

உன்
அக்கா


மார்ச் 19

அக்கா,

வர வேண்டாம்.

அம்மா திரும்பினாள் என்று எழுதியிருக்கிறாய். வீட்டுக்கு வந்ததும் மறுபடி சுவர்ப் பக்கம்தான் திரும்பினாள். உனக்குத் தெரியாது. நீ அதற்குள் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய், மனசைப் பற்றிப் படிக்க. சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோனது நான். வைத்தது வைத்தபடி எடுத்து வந்ததும் நான். அவள் போகும் நாள் வரைக்கும்.

"நீ எப்படி இருக்கே?" என்று என்னிடம் அப்போது யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்க உன் தொழில் விதி இடம் கொடுக்கவில்லை. நல்லது.


ஜூலை 6

அக்காவுக்கு,

நீ போட்ட இரண்டு கடிதங்களும் வந்தன. பதில் எழுத மனம் வரவில்லை.

நீ சொன்ன டாக்டரிடம்தான் போகிறேன். முதலில் அழுதுவிட்டுத் திரும்பி வந்ததோடு சரி. இப்போது பேசுகிறேன். மாத்திரையும் உண்டு. போன வாரத்திலிருந்து வேலைக்கும் போகிறேன்.

உன்னிடம் வந்திருந்தால் இதில் பாதியைக்கூடச் சொல்லியிருக்க மாட்டேன். நீ மறுத்தது சரிதான். அம்மாவைப் பற்றிப் பேசத்தான் அங்கே போனேன். பேசியதெல்லாம் உன்னைப் பற்றி.

என்ன பேசினேன் என்று அவரிடம் கேட்காதே. கேட்கவும் மாட்டாய், தெரியும். என்னிடமும் கேட்காதே. கொஞ்ச காலம் வரவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம். கோபம் தீர்ந்தால் நானே கூப்பிடுகிறேன். எப்போது என்று தெரியவில்லை.

வேளைக்குச் சாப்பிடு.

உன்
தங்கை