வாழைக்கன்று கட்டிய தேனீப் பெட்டி

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்த தேனீப் பெட்டியை நான் வேதக்காரத் திமிரில் எட்டி உதைத்தேன் என்று சொல்கிறார்கள். நீ போன பதினாறாம் நாள் காரியத்தன்று உன் தங்கையே நாலு பேர் நடுவில் அப்படிச் சொன்னாளாம். தவறு. நான் பெட்டியை உதைக்கவில்லை. வாழைக்கன்றைப் பிய்த்தேன். ஏன் பிய்த்தேன் என்பது உனக்குத் தெரியும்.

இதை எழுதும்போது என் எதிரே ஒரு பால்பவுடர் டின் இருக்கிறது. விளிம்பெல்லாம் துரு. பெட்டியின் கால்களுக்கு அடியில் வைத்தோமே, அவற்றில் மிஞ்சியது இது ஒன்றுதான்.

அப்போது நெய்வேலியில் அடுத்தடுத்திருந்த நம் குவார்ட்டர்ஸ் வீடுகள் புதிது. நட்ட மரம்கூட நிழல் தரத் தொடங்கவில்லை. இயந்திரம் வந்திறங்கிய பெட்டிகளின் பலகையை வாங்கி நீயும் நானும் தேனீப் பெட்டி அடித்தோம். வாசலுக்குத் தகரத்தில் ஓட்டை போட்டேன். தேனீ நுழைய வேண்டும், குளவி நுழையக் கூடாது. அளவு சரியாக வருவதற்குள் எத்தனையோ தகரம் வீணாயிற்று. “ஏங்க்கா, குளவிக்கு இடுப்பளவு எடுத்துகினு வந்தீங்களா?” என்று சிரித்தாய். கால்களை டின்களில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினேன். மேலே கொஞ்சம் கழிவு எண்ணெய் விட்டேன். “பெட்டிமேல ஒரு குச்சிகூட சாயக் கூடாது. எறும்புக்கு அது போதும்” என்று உன்னிடம் சொல்லியிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. மைன்ஸில் கடப்பாரை முதல் பெரிய இயந்திரம் வரை சந்தனம் பூசும் நாள். தேனீப் பெட்டியும் நமக்கு உழைக்கிறதே என்று உனக்குத் தோன்றிவிட்டது. நான் கோயிலில் திருப்பலிக்குப் போயிருந்த நேரத்தில் இருபுறமும் வாழைக்கன்று கட்டினாய்; ஊரிலிருந்து வந்திருந்த உன் தங்கை கயிறு எடுத்துக் கொடுத்தாள். மூடியின்மேல் பொரி, வெல்லம்.

நான் திரும்பியபோது கன்றின்மேல் எறும்புச் சாரி ஏறிப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. கன்றுகளைப் பிய்த்து எறிந்தேன். வெல்லத் தட்டு கவிழ்ந்தது. அக்கம்பக்கத்தார் பார்த்தது அதை மட்டும்தான். மதியத்துக்குள் தேனீக்கள் கூட்டமாகக் கிளம்பிப் போய்விட்டன.

“சாமிக்கு வெச்சத ஒதச்சா ஈ எங்க தங்கும்?” என்றார் எதிர்வீட்டு அம்மாள். நீ பக்கத்தில் நின்றாய். வாய் திறக்கவில்லை. மாலையில் பின்வாசல் வழியாக வந்தாய்.

“என்னாலதான்னு தெரிஞ்சா மாமியா சும்மா வுட மாட்டாங்கக்கா. கைராசி இல்லாதவன்னு அம்மா வூட்டுக்கே அனுப்பிடுவாங்க. உங்கள யாரு என்னா கேக்கப் போறாங்க?”

யாரும் எதுவும் கேட்கவில்லைதான். குழாயடியில் என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய பலகாரத் தட்டுகள் தொடாமலே திரும்பி வந்தன. உன்னுடையதும்தான். இருந்தும் என் கணவரிடம்கூட உன் பெயரைச் சொல்லவில்லை.

உன் மாமியார் கண்ணை மூடிய பிறகாவது சொல்வாய் என்று காத்திருந்தேன். பேரன் பேத்தி எடுத்தாய். சொல்லவில்லை. இப்போது எல்லோரும் உன்னைத் தங்கமானவள் என்கிறார்கள். அந்தக் கைராசிப் பேச்சு பொய். எறும்புக்கு ஏது ராசி? அதைச் சொல்லி உன் பக்கம் நின்றிருப்பேனே, நீ ஒரு வார்த்தை பேசியிருந்தால்.

எழுதி முடித்ததும் இந்த டின்னில் தண்ணீர் ஊற்றி, சாப்பாட்டு அலமாரியின் காலுக்கடியில் திரும்ப வைப்பேன். மற்ற மூன்று கால்களுக்கும் கடையில் வாங்கிய கிண்ணங்கள். எறும்பு இன்னும் வருகிறது.

இந்த மடல் நீ கடைசியாக இருந்த காடாம்புலியூர் வீட்டுக்குப் போகும். இப்போது அங்கிருக்கும் உன் தங்கைதான் பிரிப்பாள். கயிறு எடுத்துக் கொடுத்தவள் அவள். நேரில் வந்து அழ வேண்டாம். அன்று நடந்ததை எழுதி, கையெழுத்திட்டு, எனக்குப் பதில் அனுப்பட்டும்.