காற்றுப் புகாத கதவு

பாப்பாவின் அம்மாவுக்கு,

கோபம் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போன பிறகு நிலவறை வேலையை ஒருவழியாக முடித்துவிட்டேன். சுவர் முழுக்கத் தகர டப்பாக்கள். காய்ந்த பட்டாணி, முட்டைப் பொடி, பாப்பாவுக்குப் பிடித்த, உறையவைத்து உலர்த்திய ஸ்ட்ராபெர்ரி. வருஷக்கணக்கில் கெடாது. வெந்நீர் ஊற்றினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். நம் விஷயமும் அப்படித்தான்.

"இது வீடா, குடோனா?" என்று கத்தினாயே, இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஊர் உலகமே நாறிப்போகும் நாளில் நீயே என்னைக் கையெடுத்துக் கும்பிடுவாய்.

பாக்கெட் தொழிற்சாலையில் என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போகட்டும். "அண்ணன் ஒட்டுன பாக்கெட்ல மட்டும் காத்தே புகாது" என்று அங்கே பையன்கள் என்னைச் சொல்வார்களே, அதே கைதான் நிலவறைக் கதவைச் சுற்றி ரப்பர் வைத்தது. விரிசல்களையும் பசை போட்டு அடைத்தேன்.

நேற்று உள்ளே உட்கார்ந்து சோதித்தேன். ஏற்றிவைத்த மெழுகுவத்தி யாரும் ஊதாமலே அணைந்துவிட்டது. எனக்குத் தலை சுற்றியது, ஆனால் என்ன ஒரு நிம்மதி! துளிக்கூடக் காற்று வரவில்லை. இனி எதுவும் கெடாது.

உன் அண்ணன் எனக்குக் கதவைத் திறக்க மாட்டார். அதனால் அங்கே வரவில்லை, பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். "அப்பா, ஸ்ட்ராபெர்ரி இருக்கா?" என்று பாப்பா ஓடி வந்தாள்.

இதைத் தபாலில் போட்டுவிட்டு நாங்கள் உள்ளே போகிறோம். நீ வந்து தட்டு. திறக்கிறேன்.

உன் வீட்டுக்காரன்